துறைத் தலைவரின் கன்னம் உப்பிய வரலாறு

மனித குலத்தின் மகத்தான கண்டுபிடிப்பு நெருப்பு என்று சிலர் சொல்கிறார்கள். சக்கரம் என்று வேறு சிலர். இரு தரப்பாரும் எங்கள் பல்கலைக்கழகத்தின் உணவுப் பொறியியல் துறைக்கு வந்து பார்த்ததில்லை. வந்திருந்தால் இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டு, பிஸ்கட் உடைகிற சத்தத்தை அளக்கும் எங்கள் இயந்திரத்தின் முன்னால் கைகட்டி நின்றிருப்பார்கள். நெருப்பு சமைத்தது, அவ்வளவுதான். சமைத்ததை உலர்த்தி, பொடித்து, மறுபடி நனைத்து, அதன்மேல் "இயற்கையானது" என்று அச்சடிக்க நெருப்பால் முடியுமா?

இப்பேர்ப்பட்ட துறையை மாணவர்கள் சீந்தவில்லை என்றால் குற்றம் மாணவர்களுடையதாகத்தான் இருக்க வேண்டும். எங்கள் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு எல்லோருக்கும் பொதுவானது. அது முடிந்ததும் அவரவர் துறையை அவரவரே தேர்ந்தெடுக்கலாம். அந்தப் பருவத்தில் கணினித் துறை வாசலில் தள்ளுமுள்ளு நடக்கும். எங்கள் வாசலில் ஒரு பூனை உட்கார்ந்திருக்கும். அதற்கும் பொறியியலில் ஆர்வம் இல்லை. பாலில்தான்.

துறைத் தலைவர் என் மாமனார். இதை மறைப்பதற்கில்லை. மறைத்தால் நான் விரிவுரையாளர் ஆனதற்கு வேறு காரணம் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். வகுப்பறையில் அவர் எனக்கு "சார்", தாழ்வாரத்தில் "மாமா", கதவைச் சாத்திய பிறகு "சரிங்க மாமா".

ஒரு நாள் துணைவேந்தரைப் பார்த்துவிட்டு வந்தவர், தன் அறைக் கதவைச் சாத்தினார்.

"மாப்ள, இந்த வருஷமும் பசங்க சேரலைன்னா நம்ம கட்டடத்தைக் கம்ப்யூட்டர்காரங்களுக்குக் குடுத்துருவாராம். நம்ம ரெண்டு பேரையும் ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு மேற்பார்வைக்கு அனுப்புவாராம்."

"சரிங்க மாமா."

"என்ன சரி? அந்த மெஸ் சாப்பாட்டை நீ சாப்பிட்டிருக்கியா?"

அப்படிப் பிறந்ததுதான் "உணவுப் பொறியியல் தொழில் அறிமுக விழா". முதலாண்டு மாணவர்கள் அனைவரையும் அரங்கத்தில் உட்கார வைத்து, இந்தத் தொழிலின் மாண்பை ஒரே காலைப் பொழுதில் அவர்கள் மண்டையில் ஏற்றிவிடுவது என்று திட்டம். திட்டமிடுவதற்காகக் கூட்டம் போட்டோம். அந்தக் கூட்டத்தை எப்போது போடலாம் என்று முடிவு செய்ய இன்னொரு கூட்டம் போட்டோம். பாடத்திட்டத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி யாரும் பேசி நேரத்தை வீணாக்கவில்லை. மேடைக்குப் பின்னால் தொங்கும் பதாகை நீலமா பச்சையா என்பதிலேயே கருத்து வேறுபாடு முற்றி, மூத்த பேராசிரியர் ஒருவர் வெளிநடப்பு செய்தார். அவர் வெளிநடப்பு செய்ததை மறுநாள்தான் கவனித்தோம்.

விழாவின் உச்சக்கட்டம் என் மாமனாரின் சொந்த மூளையில் உதித்தது: "ஒருங்கிணைந்த அருந்தல் நிகழ்வு." துறையின் சிறிய பயிற்சி ஆலையில் வாசனைப் பால் தயாரித்துப் பாக்கெட்டில் அடைப்பது. மேடையில் துணைவேந்தரும் சிறப்பு விருந்தினரும் துறைத் தலைவரும், கீழே மாணவர்களும், ஒரே நொடியில் பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்து ஒரே நொடியில் குடிப்பது. அதைப் படம் பிடித்து உலகுக்கு அனுப்புவது. பாக்கெட்டின் மேல் எதை அச்சடிப்பது என்று கேள்வி வந்தபோது என் மாமனார் தரையைப் பார்த்தார். கூட்டம் புரிந்துகொண்டது. அவருடைய படத்தையே போடுவது என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

இனி, விழாவுக்கு உதவ முன்வந்த மாணவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலாண்டு மாணவி. அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் என்னவோ, பல்கலைக்கழகம் முழுக்க அவளைச் "சந்தேகம்" என்றுதான் கூப்பிடும். எதைச் சொன்னாலும் "சார், ஒரு சந்தேகம்" என்று கையைத் தூக்குவாள். நாளடைவில் வருகைப்பதிவு எடுப்பவர்களே "சந்தேகம் வந்தாச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

அவள் துறைத் தலைவரின் அறைக்கு வந்து நின்றபோது நானும் இருந்தேன்.

"சார், எனக்கு இந்தத் துறைதான் வேணும். முதல் விருப்பமே இதுதான்."

என் மாமனார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். துணைவேந்தர் வந்தால் மட்டுமே எழுந்திருக்கிறவர்.

"வயித்துல பாலை வார்த்தம்மா! ஏன் இந்தத் துறைன்னு ரெண்டு வார்த்தை சொல்லு. மேடையிலயே பேச வச்சிரலாம்."

"எங்க சித்தப்பா கல்யாணத்துல சாப்பாடு கெட்டுப்போயிருந்துச்சு சார். மொத்தக் குடும்பமும் ஆஸ்பத்திரியில. மாப்பிள்ளையும் பொண்ணும் மட்டும் தப்பிச்சாங்க, போட்டோக்காரர் அவங்களைச் சாப்பிடவே விடல."

என் மாமனார் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் உரிய அளவுக்குச் சிரித்தேன்.

"எங்க பெரியம்மா மட்டும் திரும்பி வரல சார்" என்றாள். "அதான், அந்தச் சாப்பாட்டுல என்னதான் ஆச்சுன்னு தெரிஞ்சுக்கணும். அடுத்தவங்களுக்கு அப்படி ஆகாம எப்படிப் பாத்துக்கறதுன்னும்."

என் மாமனார் கொஞ்ச நேரம் பேனாவைத் திறந்து மூடினார். பிறகு துறைத் தலைவருக்கே உரிய நிதானத்தோடு சொன்னார்: "மேடையில இதெல்லாம் வேணாம்மா. நம்மது மகிழ்ச்சியான துறை. நீ பாக்கெட் எடுத்துக் குடுக்கற வேலையைப் பாரு."

சாவைப் பற்றிப் பேசினால் சேர்க்கை குறையும். இந்த நுட்பம் அனுபவசாலிகளுக்குத்தான் தெரியும்.

விழா நாள் வந்தது. வெயில் கொளுத்தியது, ஆனால் அரங்கம் குளுகுளுவென்றிருந்தது. சிறப்பு விருந்தினர் எங்கள் துறையின் பழைய மாணவர். ஒரு பெரிய தின்பண்ட நிறுவனத்தில் "சுவை அனுபவத் தலைமை இயக்குநர்". காதோரம் ஒலிவாங்கி மாட்டிக்கொண்டு, மேடையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டே பேசினார். நின்று பேசுகிறவர்களை இப்போதெல்லாம் யாரும் மதிப்பதில்லை.

"நான் எஞ்ஜினியர் இல்ல நண்பர்களே. நான் ஒரு கதைசொல்லி. பிஸ்கட்டுங்கறது ஒரு பொருள் இல்ல. அது ஒரு உரையாடல்!"

கைதட்டல். முதல் வரிசையில் இருந்த நாங்கள்தான் தட்டினோம்.

"எல்லாரும் கேக்கறாங்க, சிப்ஸ் பாக்கெட்ல பாதி காத்துதானேன்னு. அது காத்து இல்ல நண்பர்களே. அது எதிர்பார்ப்பு!"

பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. "சார், ஒரு சந்தேகம். அந்த எதிர்பார்ப்புக்கும் சேர்த்துத்தான் நாங்க காசு குடுக்கறமா?"

அரங்கம் வெடித்துச் சிரித்தது. விருந்தினரும் சிரித்தார். ஆனால் நடையை நிறுத்திவிட்டார். நின்றதும் அவருக்குப் பேச்சு மறந்துவிட்டது. உடனே என் மாமனார் எனக்குக் கண்ணைக் காட்டினார். நான் எழுந்துபோய்ச் சந்தேகத்தை நாசூக்காக அரங்கத்தை விட்டுக் கிளப்பினேன். "வாம்மா, குளிரறைக்குப் போய்ப் பாக்கெட் எல்லாம் எடுத்துட்டு வரலாம்."

பயிற்சி ஆலைக்குப் பின்னால் குளிரறை இருக்கிறது. அதன் கதவு சரியாக மூடாது. ஒரு பெஞ்சை முட்டுக்கொடுத்து வைத்திருப்போம். பெஞ்சை இழுத்தேன். கதவு திறந்தது. உள்ளேயிருந்து வெளியே வந்த காற்று வெளியே இருந்ததைவிடச் சூடாக இருந்தது.

பெட்டி பெட்டியாகப் பாக்கெட்டுகள். ஒவ்வொன்றிலும் என் மாமனார். அவரை நான் பெண் பார்க்கப்போன நாளிலிருந்து அறிவேன். ஒட்டிய கன்னம். ஆனால் பெட்டிக்குள் இருந்தவர்கள் அத்தனை பேரும் புஷ்டியாக இருந்தார்கள். கன்னம் இரண்டும் உப்பி, கண் இடுங்கி, இதோ ஊதப்போகிறேன் என்பதுபோல் என்னையே பார்த்தார்கள். சிலருக்கு நெற்றியும் புடைத்திருந்தது.

"சார், ஒரு சந்தேகம்" என்றாள். "நம்ம ஹெச்.ஓ.டி. சாருக்கு இவ்வளவு கன்னம் கிடையாதே?"

"விழா இல்லையா, பூரிப்புல இருக்கார்" என்றேன்.

அவள் ஒரு பாக்கெட்டை எடுத்து விரலால் அமுக்கினாள். பந்துபோல் விம்மியது. மூலையைக் கத்தரித்தாள். துறைத் தலைவர் "புஸ்ஸ்" என்று பெருமூச்சு விட்டார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாசலில் காத்திருந்த பூனை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு, எங்கள் துறையின் மேல் நெடுநாளாக வைத்திருந்த பற்றைத் துறந்து வெளியேறியது.

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது பாக்கெட்டுக்கும் பொருந்தும் என்று அன்று அறிந்தேன்.

எலெக்ட்ரீஷியன் வரவழைக்கப்பட்டார். "ஹால் ஏசிக்கு லைன் பத்தல சார். குளிரறை லைனைத்தான் கழட்டி அங்க குடுத்தேன். விருந்தாளிக்கு வேர்க்கக் கூடாதுன்னு உங்க மாமனார்தானே சொன்னாரு?"

"எப்பக் கழட்டுனீங்க?"

"நேத்து காலையிலயே. டெஸ்ட் பண்ணிப் பாக்க வேணாமா?"

முன்யோசனை என்றால் இதுவல்லவா முன்யோசனை!

என் மாமனாரை மேடையிலிருந்து சைகை காட்டி வரவழைத்தேன். திரைக்குப் பின்னால் அவசரக் கூட்டம் நடந்தது. அவர், நான், சந்தேகம், பேச்சை முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்க வந்த சிறப்பு விருந்தினர். என் மாமனார் தன் உப்பிய முகத்தைத் தன் கையிலேயே வாங்கிப் பார்த்தார்.

"இது... சிப்ஸ் பாக்கெட்ல அடைக்கிற நைட்ரஜன்" என்றார்.

"பால் பாக்கெட்டுக்கு யாரு சார் நைட்ரஜன் அடிச்சா?" என்றாள் சந்தேகம். "கிருமி பெருகி கேஸ் விட்டிருக்கு சார். வெட்டினா நாத்தம் அடிக்குது."

சிறப்பு விருந்தினர் பாக்கெட்டைத் தடவிப் பார்த்தார். "கையில பிடிச்சா ஒரு நிறைவு இருக்கு பாருங்க. வாடிக்கையாளர் இதைத்தான் விரும்பறாங்க."

"சார், நிறுத்திடுங்க சார். எல்லாரும் குடிச்சா என்ன ஆகும்?"

"நிறுத்தினா என்ன ஆகும்னு உனக்குத் தெரியுமா?" என்றார் என் மாமனார். "உணவுப் பொறியியல் துறையால ஒரு பாலைக் கெடாம வச்சுக்கத் தெரியலன்னு ஊரே சிரிக்கும். கட்டடம் போயிரும். இத்தனை வருஷம் நான் இந்தத் துறையை..." என்று சொல்லி நிறுத்தினார். அவருக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. துறைக்காகத் துடிக்கிற அந்த மனிதரிடம் என் கைக்குட்டையை நீட்டினேன். மேடையிலிருந்து துணைவேந்தரின் இருமல் கேட்டது. என் மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு வரலாற்றுச் சிறப்புமிக்க முடிவை எடுத்தார்.

"குடுத்துருங்க. இளம் வயிறு. எல்லாம் தாங்கும்."

பாக்கெட்டுகள் வரிசை வரிசையாகக் கைமாறின. மாணவர்கள் துறைத் தலைவரின் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்து மகிழ்ந்தார்கள். படம் பிடிப்பவர் தயாரானார். "மூன்று எண்ணியதும் கத்தரிக்கவும்" என்று நான் ஒலிபெருக்கியில் அறிவித்தேன். "ஒன்று" என்றேன்.

"யாரும் குடிக்காதீங்க!"

சந்தேகம் மேடையேறி, அறிவிப்பு மேசையில் இருந்த இன்னொரு ஒலிவாங்கியைப் பிடுங்கியிருந்தாள்.

"பால் கெட்டுப்போச்சு. நேத்துலேர்ந்து குளிரறையில கரண்ட் இல்ல. பாக்கெட் உப்பியிருக்கு பாருங்க. தயவுசெஞ்சு யாரும் வாயில வைக்காதீங்க. எங்க பெரியம்மா இப்படித்தான் ஒரு வேளை சாப்பாட்டுல..." அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. ஆனாலும் ஒலிவாங்கியை விடவில்லை.

அரங்கம் உறைந்தது. குளிரறை செய்யத் தவறியதை அவளுடைய ஒரு வாக்கியம் செய்தது. நடு வரிசையில் ஒரு பாக்கெட் தானாகவே வெடித்து, படம் பிடிப்பவரின் சட்டையில் துறைத் தலைவர் வழிந்தார். நாற்றம் எழுந்தது. மாணவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பாக்கெட்டுகளைத் தரையில் வைத்தார்கள்.

அப்போதுதான் தலைமை என்றால் என்ன என்பதைத் துணைவேந்தர் காட்டினார். எழுந்து நின்றார்.

"வதந்தியை நம்பாதீங்க! அறிவியலுக்கு அடிப்படையே நம்பிக்கைதான்" என்று முழங்கிவிட்டுத் தன் பாக்கெட்டைக் கத்தரித்து மடமடவென்று குடித்தார். துறைத் தலைவர் பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா? தன் முகத்தைத் தானே குடித்தார். சிறப்பு விருந்தினர் தனக்குச் சர்க்கரை வியாதி, பால் ஆகாது, விரதம் என்று மூன்று காரணங்களை ஒரே மூச்சில் சொல்லிப் பார்த்தார். துணைவேந்தர் அவரையே உற்றுப் பார்த்தார். அவரும் குடித்தார்.

நானும் மேடையில்தான் இருந்தேன். குடிக்கும் பாவனையை மிகுந்த ஈடுபாட்டோடு செய்தேன்.

"கொஞ்சம் புளிப்பா இருக்கே?" என்றார் துணைவேந்தர்.

"நன்மை செய்யற கிருமிங்க ஐயா" என்றார் என் மாமனார்.

நன்மை தொடங்க வெகு நேரம் ஆகவில்லை. நன்றியுரை பாதியில் இருக்கும்போதே துணைவேந்தர் எழுந்து பக்கவாட்டுக் கதவு வழியாகப் போனார். மரியாதை நிமித்தம் துறைத் தலைவர் பின்னால் போனார். சிறப்பு விருந்தினர் கார் ஏறிவிட்டார். ஆனால் பழைய மாணவருக்கே உரிய பாசத்தோடு கார் பாதி வழியிலேயே திரும்பி வந்தது. அரங்கத்தில் கழிவறை ஒன்றுதான். பதவி மூப்பு அடிப்படையில் பயன்படுத்தப்பட்டது. நடந்து நடந்தே பேசிய விருந்தினர் அன்று நடந்த நடைதான் நடை.

மாலையில் மூவரும் ஆஸ்பத்திரியில், ஒரே அறையில், பக்கத்துப் பக்கத்துக் கட்டில்களில் படுத்திருந்தார்கள். என் மனைவி ஓடி வந்தாள். அப்பாவைப் பார்த்துவிட்டு என்னைத் தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"நீங்க குடிச்சீங்களா?"

"பாவனை பண்ணேன்."

"அப்ப கெட்டுப்போச்சுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்?"

"தெரியும்."

"எங்கப்பா குடிக்கும்போது கையைப் பிடிக்கலையா?"

"அவர் துறைத் தலைவர். மேலதிகாரி கையை எப்படிப் பிடிக்கறது?"

என் மனைவி என்னை அங்கேயே விட்டுவிட்டு அப்பாவின் கட்டிலுக்குப் போய்விட்டாள். நிர்வாக நடைமுறை குடும்பப் பெண்களுக்குப் புரிவதில்லை.

கட்டிலில் படுத்தபடியே துணைவேந்தர் விசாரணைக் குழு அமைத்தார். தலைவர், பக்கத்துக் கட்டிலில் இருந்த என் மாமனார். வெளிவல்லுநர், அதற்கடுத்த கட்டிலில் இருந்த சிறப்பு விருந்தினர். உறுப்பினர், நான். இதைவிடப் பாரபட்சமற்ற குழுவை அமைக்க வேண்டுமென்றால் அந்த அறையில் இன்னும் நாலு கட்டில்கள் இருந்திருக்க வேண்டும்.

எல்லோரும் எழுந்து நடமாட ஆரம்பித்ததும் சந்தேகத்தை அழைத்து விசாரித்தோம்.

"அனுமதி இல்லாம ஒலிவாங்கியை எடுத்தது உண்மையா?" என்றார் என் மாமனார்.

"உண்மை சார்."

"உன்னால எத்தனை பேர் பால் குடிக்காம போனாங்க தெரியுமா?"

"எல்லாரும் சார்."

"ஒத்துக்கறா பாருங்க" என்றார் சிறப்பு விருந்தினர். "ஒரு பிராண்டோட கதையையே சிதைச்சுட்டா."

"சார், ஒரு சந்தேகம்" என்றாள். "குடிக்காதவங்க யாருக்கும் ஒண்ணும் ஆகல. குடிச்ச மூணு பேரும் படுத்தீங்க. அப்புறமும் எதை விசாரிக்கிறீங்க?"

குழு அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு ஆழ்ந்து விவாதித்தது. என் மாமனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அந்தப் பொண்ணு கத்தலைன்னா..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. நாங்களும் முடிக்கச் சொல்லவில்லை. பாலில் எந்தக் குறையும் இல்லை என்றும், அருந்தும் தறுவாயில் பரப்பப்பட்ட அவநம்பிக்கை பெரியோர்களின் மனத்தைக் கலக்கி, அதன் வழியே வயிற்றையும் கலக்கியது என்றும் முடிவு எழுதினோம்.

இதற்கிடையே ஓர் அற்புதம் நடந்தது. மேடைக் காட்சி மாணவர்களின் கைபேசிகளில் ஊர் சுற்றியது. துணைவேந்தரையே ஒரு மணி நேரத்துக்குள் படுக்க வைக்கும் ஆற்றல் வேறெந்தத் துறைக்கு உண்டு என்று பிள்ளைகள் வியந்தார்கள். எங்கள் வாசலில் முதல்முறையாக நீண்ட வரிசை நின்றது. கட்டடம் பிழைத்தது. என் மாமனாருக்கு உண்மையிலேயே கன்னம் உப்பியது.

விண்ணப்பித்தவர்கள் எல்லோரையும் சேர்த்துக்கொண்டோம். முட்டையிலிருந்து வருவது கோழியா கோழிக்கறியா என்று தெரியாதவனையும் சேர்த்தோம். ஒரே ஒரு விண்ணப்பத்தை மட்டும், நன்னடத்தைக் காரணங்களுக்காக, நிராகரித்தோம். அவள் என் அறை வாசலில் வந்து நின்றாள். "ஏன் சார்?" என்று மட்டும் கேட்டாள். அன்று அவள் கையைக்கூடத் தூக்கவில்லை. எனக்கு அவசரமாக ஒரு கூட்டம் இருந்தது.

புதிய மாணவர்களை வரவேற்கத் துணைவேந்தர் வந்தார். வகுப்பு நிரம்பி வழிந்தது. எதைச் சொன்னாலும் ஒரு கையும் உயரவில்லை. அவர் மனம் நிறைந்து என் தோளில் தட்டி, "துறை எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

நான் பணிவோடு சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். நாளைக்கு உங்கள் வீட்டுக் குழந்தை குடிக்கப்போகும் பாலையும், கடிக்கப்போகும் பிஸ்கட்டையும் செய்யப்போகிறவர்கள் எங்களிடம்தான் படிக்கிறார்கள். எங்கள் துறையில் சந்தேகத்துக்கு இடமில்லை. தைரியமாகச் சாப்பிடுங்கள்.